பொட்டாசியம் மாத்திரையோடு 2 வருடம்

நண்பர் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார்: "உனக்குக் கால் பிடிப்பு நின்றது அந்த மாத்திரையால்தானே? பேரைச் சொல்லு, நானும் வாங்கிக்கிறேன்." உடனே பேரைச் சொல்லாமல் "அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிட்டேன். அவருக்குச் சொல்ல வேண்டியது இரண்டு வரியில் அடங்காது. அதில் பாதி மருத்துவம், மீதி வசவு.

என் கதை சுருக்கமாக. பி.பி.க்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறேன், குளோர்தாலிடோன் வகை. உப்பும் தண்ணீரும் சிறுநீரில் போகும்போது பொட்டாசியமும் கூடவே போய்விடும் என்று அப்போது எனக்குத் தெரியாது. இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். மாடிப்படி ஏறினால் தொடை கனக்கும். மலச்சிக்கல் வேறு. நடுநடுவே நெஞ்சு ஒரு துடிப்பைத் தவறவிட்டதுபோல் இருக்கும். ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 3.0 என்று வந்தது. 3.5-லிருந்து 5 வரை இருக்க வேண்டும். பொட்டாசியம் குளோரைடு 600 மில்லிகிராம், காலையில் இரண்டு, இரவில் இரண்டு என்று எழுதிக் கொடுத்தார்கள்.

இனி அந்த மாத்திரையைப் பற்றி. இரண்டு வருடம் பொறுத்திருந்துதான் எழுதுகிறேன்.

அது பெரிது. விழுங்கும்போது ஒவ்வொரு முறையும் தொண்டை "இது எதற்கு?" என்று கேட்கும் அளவுக்குப் பெரிது. கடிக்கக் கூடாது, பொடிக்கக் கூடாது, வாயில் வைத்துச் சப்பவும் கூடாது. முதல் மாதம் இதையெல்லாம் வீம்பு என்றுதான் நினைத்தேன். காரணம் பிறகுதான் புரிந்தது. பொட்டாசியம் குளோரைடு செறிவாக ஒரே இடத்தில் கரைந்தால் அந்த இடத்தைப் புண்ணாக்கிவிடும். 1960-களில் குடலில் போய்க் கரையும்படி பூச்சு பூசிய பொட்டாசியம் மாத்திரைகள் விற்பனையில் இருந்தன. அவை சிறுகுடலில் ஒரே இடத்தில் மொத்தமாகக் கரைந்து, புண்ணும் அடைப்பும் வந்தவர்கள் பலர். அதனால்தான் இப்போது மெழுகுபோன்ற ஒரு கூட்டுக்குள் மருந்தை வைத்து, மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும்படி செய்கிறார்கள். பொடித்தால் அந்த ஏற்பாடு மொத்தமும் வீண்.

இது தெரிவதற்கு முன்னால் ஒரு ராத்திரி, படுக்கையில் சாய்ந்தபடியே இரண்டு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டுப் படுத்தேன். அரை மணி நேரத்தில் நடுமார்பில் யாரோ தணலை வைத்து அழுத்தியதுபோல் எரிச்சல். மாத்திரை உணவுக்குழாயிலேயே தங்கிவிட்டது. மூன்று நாள் எதை விழுங்கினாலும் வலி. அன்றிலிருந்து சாப்பாட்டோடு, நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு முழு டம்ளர் தண்ணீரோடுதான். நாலையும் ஒன்றாகப் போட்டு வேலையை முடிக்கலாமே என்று தோன்றும், அதுவும் கூடாது. ஒரு மாத்திரையில் 8 மில்லி ஈக்விவலென்ட் (பொட்டாசியத்தை அளக்கும் அலகு) இருக்கிறது. ஒரு வேளைக்கு 20-க்கு மேல் போகாமல் பிரித்துச் சாப்பிடச் சொல்வது வயிற்றை நினைத்துத்தான்.

அப்புறம் ஒரு பேய் மாத்திரைக் கதை. ஒரு நாள் காலையில் மலத்தில் மாத்திரை முழுசாக, அப்படியே கிடந்தது. "மருந்து உடம்பிலேயே சேரவில்லை, இத்தனை நாள் ஏமாந்தோம்" என்று கொதித்துப்போய் மருந்துக்கடைக்காரரிடம் சண்டைக்கே போனேன். அவர் சிரித்துவிட்டார். மருந்து எப்போதோ கசிந்து போய்விட்டது, வெளியே வந்தது வெறும் மெழுகுக்கூடுதான். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் அவரிடம் நான் அசடு வழிந்திருக்க மாட்டேன்.

சரி, சிரப்புக்கு மாறலாம் என்றால் அது அதைவிட மோசம். உப்பும் கசப்பும் உலோகமும் கலந்த ஒரு சுவை, பல் தேய்த்தாலும் போகாது. நிறையத் தண்ணீர் கலந்து மெதுவாகக் குடிக்க வேண்டும். பத்தே நாளில் மாத்திரைக்கே திரும்பிவிட்டேன்.

இன்றைக்கும் ஆறாத கோபம் இனிமேல்தான். பொட்டாசியம் குளோரைடு மாத்திரையில் இன்னொரு வகை உண்டு: பூச்சு பூசிய நுண்ணிய மணிகளைச் சேர்த்து அழுத்தியது. அதைப் பாதியாக உடைத்து விழுங்கலாம். அரை டம்ளர் தண்ணீரில் போட்டு இரண்டு நிமிடம் விட்டால் தானாகவே உதிர்ந்துவிடும். கலக்கி உடனே குடித்து, டம்ளரில் ஒட்டியதையும் அலசிக் குடித்தால் முடிந்தது. பதினான்கு மாதம் தொண்டையோடு மல்லுக்கட்டிய பிறகு, மாத்திரைப் பெட்டிக்குள் வந்த தாளைப் படித்து நானே கண்டுபிடித்தேன். எழுதிக் கொடுத்தவரும் சொல்லவில்லை, விற்றவரும் சொல்லவில்லை. கேட்டால், "நீங்க கேட்கலையே." எல்லா மாத்திரையையும் இப்படிச் செய்துவிடாதீர்கள். மெழுகுக்கூட்டு வகையை உடைத்தால் நான் மேலே சொன்ன எரிச்சல்தான். உங்களுடையது எந்த வகை என்று கேட்டுவிட்டுத்தான் டம்ளரை எடுக்க வேண்டும்.

நியாயமாகவும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாத்திரை வேலை செய்தது. உடனே அல்ல. முதல் இரண்டு மாதம் 3.2-லேயே நொண்டியது, நானும் மாத்திரையைத்தான் திட்டினேன். பிறகு ஒரு மருத்துவர் மெக்னீசியம் பார்க்கச் சொன்னார். அதன் அளவு தரையில் கிடந்தது. மெக்னீசியம் குறைந்தால் சிறுநீரகம் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்காமல் விட்டுக்கொண்டே இருக்குமாம். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொண்ட கதைதான். நீர் பிரியும் மாத்திரை மெக்னீசியத்தையும் வெளியேற்றும் என்பதை அவர்தான் சொன்னார். மெக்னீசியத்தையும் சேர்த்துச் சாப்பிட்ட ஒரு மாதத்தில் பொட்டாசியம் 4.1. கால் பிடிப்பு நின்றது, படிக்கட்டு பழையபடி படிக்கட்டானது.

இடையில் ஒரு தடவை 5.9 என்று ரிப்போர்ட் வந்து வீடே கதிகலங்கியது. பொட்டாசியம் ஏறினால் பெரும்பாலும் ஒரு அறிகுறியும் தெரியாது, இதயம் திடீரென்று தாளம் தப்பும். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், சரியாக இருந்தது. மறுபடி ரத்தம் எடுத்தபோது 4.3. முதல் தடவை ரத்தம் எடுக்கும்போது கையை இறுக்கி மூடி மூடித் திறந்திருக்கிறேன். அந்தத் தசையிலிருந்து வெளியேறிய பொட்டாசியமும் கணக்கில் சேர்ந்துவிட்டது. ரத்த அணுக்கள் சிதைந்தாலும் இப்படிப் பொய்யாகக் கூடும். இப்போது கையைத் தளர்த்தித்தான் நீட்டுகிறேன்.

இவ்வளவு நல்லது செய்த மருந்துக்கு ஐந்துக்கு இரண்டுதான் தருகிறேன். அநியாயம் என்று எனக்கே தெரியும். தண்ணீரில் கரையும் வகையை முதல் நாளே கொடுத்திருந்தால் நாலு கொடுத்திருப்பேன். போன மாதம் நீர் பிரியும் மாத்திரையின் அளவைக் குறைத்தார்கள், பொட்டாசியமும் ஒரு வேளையாகக் குறைந்தது. அன்று வந்த சந்தோஷம் 4.1 வந்த அன்றுகூட வரவில்லை.

நண்பரைத் திரும்ப அழைத்தேன். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னேன். பி.பி.க்கு டெல்மிசார்டன். அந்த வகை பொட்டாசியத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். முட்டி வலிக்குத் தினமும் ஒரு வலி மாத்திரை. அதுவும் சிறுநீரகத்தின் வழியாக அதே வேலையைத்தான் செய்யும். வீட்டில் சாதா உப்புக்குப் பதில் சோடியம் குறைந்த உப்பு. பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். அதில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு. நான் விழுங்கமாட்டாமல் விழுங்குவதை அவர் சமையலில் தூவிக்கொண்டிருக்கிறார்.

"பேரைச் சொல்ல மாட்டேன், முதலில் ரத்தம் கொடுத்துட்டு வா" என்றேன். கோபித்துக்கொண்டுதான் போனார். நேற்று ரிப்போர்ட் வந்தது: 5.2. உப்பையும் வலி மாத்திரையையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள், அடுத்த வாரம் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். கால் மட்டும் இன்னும் பிடிக்கிறதாம்.