கோழிக்குப் பொழுது போக எது நல்லது: தொங்கும் கோசா, கொத்துக் கட்டியா, ஆழ்கூளமா?

ஐந்தாறு கோழிகளை வலையடைப்புக்குள் வளர்ப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்தே தீரும். உள்ளே இருந்த புல்லெல்லாம் போய்த் தரை இறுகியிருக்கும். கோழிகள் வலையோரமாகவே போவதும் வருவதுமாக இருக்கும், அல்லது ஒன்று இன்னொன்றின் வாலடியில் இறகைப் பிடுங்க ஆரம்பித்திருக்கும். அப்போது பொதுவாக மூன்று வழிகள் உண்டு. முட்டைக்கோசு போல எதையாவது கட்டித் தொங்கவிடலாம். தானியத்தை இறுக்கிச் செய்த கொத்துக் கட்டியை வைக்கலாம். தரை முழுக்கக் கூளத்தை ஆழமாகப் பரப்பி அதில் தானியம் தூவலாம். மூன்றையும் பயன்படுத்திப் பார்த்து நாங்கள் ஆழ்கூளத்தில் நிலைத்துவிட்டோம். அதனால் கீழே அதற்குத்தான் அதிக இடம்.

அதற்கு முன் ஒன்று. இறகு போவதெல்லாம் சலிப்பால் வருவதில்லை. முதுகிலும் பிடரியிலும் மட்டும் போயிருந்தால் சேவல் மிதித்ததாக இருக்கும். ஆசனவாயைச் சுற்றிப் போயிருந்தால் இறகை விலக்கிப் பேன் இருக்கிறதா என்று பாருங்கள். தலை, கழுத்தில் தொடங்கிப் பின்னால் இறங்கினால் வருடா வருடம் வரும் இறகு உதிர்ப்பு. ஒரு கோழிக்கு 1 சதுர மீட்டர்கூட இடம் இல்லையென்றால் உள்ளே எதைக் கொண்டுவந்து வைத்தாலும் பெரிதாகப் பயன் இருக்காது.

அலகுக்கு மட்டும் வேலையா, காலுக்குமா?

கோழியின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழி பகலின் பெரும்பகுதியைத் தரையைக் கொத்துவதிலும் சீய்ப்பதிலும்தான் கழிக்கிறது. முட்டையிடும் வீட்டுக் கோழிக்கு ஒரு நாளைக்கு 110 முதல் 120 கிராம் தீவனம் போதும். அதைத் தட்டில் வைத்துவிட்டால் தின்று முடிக்க அதிக நேரம் பிடிக்காது. மீதிப் பொழுதுக்கு அலகுக்கு வேலையில்லை. தரையில் கொத்த ஒன்றும் கிடைக்காதபோது அந்தக் கொத்து அடுத்த கோழியின் இறகுக்குத் திரும்புகிறது. தீவனத் தட்டு நிரம்பியிருக்கும்போதும் கோழி கூளத்தைச் சீய்த்துத் தேடுவதை விடாது. பசிக்காக மட்டும் அது தேடுவதில்லை, தேடுவதே அதற்குத் தேவை. மூன்று வழிகளையும் இந்தக் கண்ணோடு பார்த்தால், முதல் இரண்டும் அலகுக்கு மட்டும் வேலை கொடுக்கின்றன.

தொங்கும் கோசு

செய்வது எளிது. தண்டுப் பக்கத்திலிருந்து நடுவே துளையிட்டு, மறுபக்கம் கண் உள்ள துருப்பிடிக்காத கம்பியை ஏற்றி வளைத்துத் தொங்கவிடுங்கள். நிற்கும் கோழியின் கண் உயரத்தில் கோசின் அடிப்பாகம் இருக்கட்டும். எட்டிக் குதித்தால்தான் கிடைக்கும் என்று இன்னும் மேலே கட்டினால் பயந்த கோழிகள் கிட்டவே வராது. முதல் தடவை கோசு என்று அவற்றுக்கு அடையாளம் தெரியாமல் சுற்றி நிற்கும். கத்தியால் இரண்டு இடத்தில் கீறி உள்ளிலையை வெளியே இழுத்துவிட்டால் போதும். நூல், மெல்லிய கயிறு, வலைப்பை மூன்றும் வேண்டாம். நூல் நாக்கைச் சுற்றிக்கொள்ளும், விழுங்கினால் கழுத்தடியில் தீனி தங்கும் இரைப்பையில் சிக்கும். வலைப்பையில் கால் விரல் மாட்டும்.

குறைகள் இரண்டு. கோசில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். 1 கிலோ கோசை ஆறு கோழிகள் ஒரே நாளில் முடித்தால் எச்சம் நீர்த்துப் போகும், தீவனம் உள்ளே போவது குறையும். இன்னொன்று, ஒரே இடத்தில் தொங்கும் பொருளை அதிகாரம் உள்ள கோழிகள் பிடித்துக்கொள்ளும். எந்தக் கோழி கொத்துப்படுகிறது என்ற கவலையில் கோசு வாங்குகிறீர்களோ, அந்தக் கடைசிக் கோழிக்கு ஒன்றும் கிடைக்காது. கட்டினால் எதிரெதிர் மூலைகளில் இரண்டு கட்டுங்கள்.

கொத்துக் கட்டி

தரத்தைப் பொறுத்துப் பயன் ஏகத்துக்கும் மாறுகிறது. நகத்தால் கீறினால் உதிரும் கட்டி சீக்கிரம் தீர்ந்துவிடும். அது வேறு வடிவத்தில் இருக்கும் தீவனம், அவ்வளவுதான். கல் போல இறுகிய, சுண்ணாம்புச் சத்துக் கலந்த கட்டி நாள் கணக்கில் நிற்கும். கொத்தக் கொத்த அலகின் கூர்முனையும் தேயும், இறகு பிடுங்கும் கூட்டத்தில் இது நிஜமான லாபம்.

வீட்டிலேயே செய்ய: 2 கப் கலப்புத் தானியம், 1 கப் முட்டைக்கோழித் தீவனம், 1 கப் ஓட்ஸ், கால் கப் நொறுக்கிய சிப்பி ஓடு, 4 முட்டை, அரைக் கப் மொலாசஸ் (கரும்புப் பாகு). கலந்து தட்டில் 4 செ.மீ. கனத்துக்கு அழுத்தி, 160 டிகிரி செல்சியஸில் நடுப்பகுதி உலரும்வரை சுடுங்கள். ஓவனை அணைத்த பிறகும் ஆறும்வரை உள்ளேயே விடுவது நல்லது. நடு ஈரமாக இருந்தால் இரண்டு மூன்று நாளில் பூஞ்சை வந்துவிடும். மொலாசஸைக் கூட்டினால் கட்டி நன்றாக ஒட்டும்தான், ஆனால் கோழிக்குக் கழிச்சல் ஆகும். கூரைக்கு அடியில், செங்கல் மேல் வையுங்கள்.

ஆழ்கூளம்

அளவுக் கணக்கில் தொடங்குவோம். 6 சதுர மீட்டர் அடைப்பில் 20 செ.மீ. பரப்ப 1.2 கன மீட்டர் கூளம் வேண்டும். சில வாரத்தில் அது 15 செ.மீ. வரை அமுங்கும், அதற்குக் கீழே போனால் கோழி நேரே மண்ணைத் தொட்டுக் குழி பறிக்க ஆரம்பித்துவிடும். பாதிப் பங்கு 2 முதல் 4 செ.மீ. அளவுள்ள காய்ந்த மரச்சில்லு, கால் பங்கு காய்ந்த இலை, கால் பங்கு 5 செ.மீ.க்கு நறுக்கிய வைக்கோல் என்ற கலவை நன்றாக வேலை செய்கிறது. இலை மட்டும் போட்டால் ஈரத்தில் அடை அடையாக ஒட்டிக்கொள்ளும். நறுக்காத வைக்கோலும் நீளப் புல்லும் இரைப்பையில் உருண்டு கட்டிக்கொள்ளும். மரத்தூள் மட்டும் என்றால் புழுதி மூக்கில் ஏறும். ஈரமாகக் குவிந்து கிடந்த பழைய பட்டைத் தூளைக் கண்டிப்பாகத் தவிருங்கள்; அதில் வளரும் பூஞ்சை கோழியின் நுரையீரலைப் பிடிக்கும். இரசாயனம் ஏற்றிய மரத்தின் சில்லும் ஆகாது. ஆணி, கம்பித் துண்டு, ஸ்டேப்ளர் முள் இருக்கிறதா என்று கையால் அளைந்து பார்த்துவிட்டுப் போடுங்கள், பளபளப்பாக எது கிடந்தாலும் கோழி விழுங்கிவிடும்.

சீய்க்கும் வேகத்தில் கூளம் வலைக்கு வெளியே பறக்கும். அடைப்பின் உட்புறம் சுற்றிலும் 30 செ.மீ. உயரப் பலகை அடித்தால் நிற்கும்.

தானியம் ஒரு கோழிக்கு 10 கிராம், ஆறு கோழிக்கு 60 கிராம். இந்த அளவைத் தாண்டாதீர்கள். முட்டைக்கோழித் தீவனத்தில் 16, 17 சதவீதம் புரதம் இருக்கும்; மக்காச்சோளத்தில் அதில் ஏறக்குறைய பாதிதான். சலிப்புப் போகட்டும் என்று கை நிறைய அள்ளி இறைத்தால் மொத்தப் புரதம் குறைந்து, அந்தக் குறைவே இறகு கொத்தலைக் கிளப்பும். பலர் சிக்குவது இங்கேதான். பெரிய மணியைவிடச் சிறுதானியம், உடைத்த கோதுமை நல்லது. மணி சிறியதானால் கூளத்துக்குள் ஆழமாக இறங்கும், தேட அதிக நேரம் எடுக்கும். பாதியை முட்டையிட்டு முடிந்த பிறகும், மீதியைக் கூட்டில் அடைவதற்கு 2 மணி நேரம் முன்பும் தூவுங்கள். ஒரே இடத்தில் கொட்டாமல் அடைப்பின் குறுக்கே வீசினால், முன்னே சொன்ன கடைசிக் கோழிக்கும் பங்கு கிடைக்கும். அடையும் நேரத்தில் காலால் கூளத்தைக் கிளறிப் பாருங்கள். மணி தெரிந்தால் மறுநாள் அளவைக் குறையுங்கள், இல்லையென்றால் எலி வரும்.

முழுத் தானியமும் நாரும் உள்ளே போவதால், அவற்றை வயிற்றில் அரைக்க 3 முதல் 5 மி.மீ. அளவுக் கற்பொடி ஒரு கிண்ணத்தில் எப்போதும் இருக்க வேண்டும். சிப்பி ஓடு அதற்கு ஈடாகாது, அது கரைந்துவிடும். வாரம் ஒரு நாள் விடிந்ததும், தீவனம் வைப்பதற்கு முன், கழுத்தடியில் இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள். காலியாகத் தொய்ந்திருந்தால் சரி. கெட்டியாக உருண்டையாகக் கையில் பட்டால் தின்றது இறங்கவில்லை.

பராமரிப்புதான் முடிவு செய்கிறது

எந்த வழியைத் தேர்ந்தாலும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நீங்கள் வராத நாளில் அது என்ன செய்யும்? கோசு கட்டாத நாளில் கோழிக்கு ஒன்றும் இல்லை. கட்டி தீரும்வரை பரவாயில்லை, ஆனால் பழகப் பழக அதன் பக்கம் போவது குறைகிறது. ஆழ்கூளத்தில் தானியம் தூவ மறந்தாலும் சீய்ப்பு நிற்காது. மக்கும் அடிக்கூளத்தில் வண்டும் புழுவும் தாமாகவே வந்து சேரும், நேற்றுக் கண்ணில் படாத மணி இன்று மேலே வரும். புதிதாகக் கொண்டுவந்து வைக்க வேண்டிய கட்டாயமே அதில் இல்லை.

ஆழ்கூளத்தின் குறை வேறு இடத்தில் இருக்கிறது: ஈரம். நனைந்த கூளம் வெறும் தரையைவிட மோசம். வெதுவெதுப்பும் ஈரமும் சேர்ந்தால் இரத்தக் கழிச்சல் கிருமியின் முட்டைகள் தொற்றும் நிலைக்கு முதிர்கின்றன, குஞ்சுகள்தான் முதலில் மாட்டும். ஒரு பிடி கூளத்தை எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். நீர் கசிந்தால் அந்தப் பகுதியை அன்றே அள்ளி வெளியே போட வேண்டும். உருண்டையாகவே நின்றால் உலர்ந்த சில்லு கலந்து கிளறுங்கள். கையை விரித்ததும் உதிர்ந்தால் நல்ல பதம்.

கூரை போட்ட அடைப்பில் ஈரம் பெரும்பாலும் தண்ணீர்ப் பாத்திரத்திலிருந்துதான் வருகிறது. பாத்திரத்தைக் கோழியின் முதுகு உயரத்துக்கு ஏற்றி, அடியில் கம்பி வலை போட்ட சரளைத் தட்டு வையுங்கள். கூளம் அடையாக இறுகிய இடத்தைத் தோட்டத்து முள்கரண்டியால் ஒரு முறை உடைத்துவிட்டு, அன்றைய தானியத்தை அங்கேயே தூவினால் மிச்சத்தைக் கோழிகளே கிளறி உலர்த்திவிடும். உடைக்காமல் தூவினால் பலன் இல்லை, அந்த அடையை அவற்றின் கால் பெயர்க்காது.

எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியா நெடியை நின்றபடி முகர்ந்தால் பிடிபடாது. கோழியின் தலை மட்டத்துக்குக் குனிய வேண்டும். கண் எரிந்தால் காற்றோட்டமும் உலர்ந்த சில்லும்தான் மருந்து. ஈரக் கூளத்தில் சுண்ணாம்பு தூவினால் காரத்தன்மை ஏறி அமோனியா இன்னும் அதிகமாக வெளியேறும்.

முழுவதும் மாற்றுவது வருடத்துக்கு ஒரு முறை போதும். மூன்றில் இரண்டு பங்கை அள்ளிவிட்டு, மக்கிய அடிப்பங்கை விட்டுவையுங்கள், புதுக் கூளம் சீக்கிரம் பதத்துக்கு வரும். அள்ளியதை மக்க வைத்த பிறகே செடிக்குப் போட வேண்டும்.

மற்றவை சுருக்கமாக

புழுதிக் குளியலை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை, அது எந்த அடைப்புக்கும் கட்டாயம். 60-க்கு 60 செ.மீ. பெட்டியில் 15 செ.மீ.க்குக் குறையாமல் உலர்ந்த மணலும் மண்ணும். மரச்சில்லில் கோழி புரண்டாலும் இறகின் பழைய எண்ணெய்ப் பிசுக்கு சரியாகப் போகாது, பொடி மண் வேண்டும். அமர்கோல்கள் 4, 5 செ.மீ. தடிமனில் இரண்டு உயரங்களில் இருக்கட்டும். பக்கத்தில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்தால் துரத்தப்பட்ட கோழி மறைந்துகொள்ளும். பலகையின் இருபுறமும் வழி திறந்திருக்க வேண்டும்.

தானியம் உதிரும் உருளும் பந்து, துளையிட்ட பாட்டில் போன்றவை இறுகிய தரையில் நன்றாக ஓடும். ஆழ்கூளத்தில் உருளாமல் புதைந்து கிடக்கும், இரண்டையும் சேர்த்து வாங்காதீர்கள். ஊஞ்சலைக் குஞ்சிலிருந்தே பழகிய கோழிகள்தான் ஓரளவு தொடுகின்றன. கண்ணாடியைப் பற்றித் திட்டமாகச் சொல்லும் அளவுக்கு எங்களுக்கு அனுபவம் போதாது. சேவல் இருக்கும் அடைப்பில் வைத்தால் அது தன் பிம்பத்தோடு சண்டைக்கு நிற்க வாய்ப்புண்டு. காலில் இறகுள்ள இனங்களிலும் எங்கள் பழக்கம் குறைவுதான். ஈரச் சில்லு பாத இறகில் உருண்டையாக ஒட்டும் என்பதால், அவற்றுக்கு மணல் தரையும் கடினமான கொத்துக் கட்டியும் பொருந்தலாம்.

கூரையே இல்லாத அடைப்பில், மழை அடிக்கடி பெய்யும் இடத்தில், ஆழ்கூளத்தை நான் சொல்ல மாட்டேன். குறைந்தது பாதிப் பரப்புக்காவது கூரை போட்டு, அந்தப் பாதியில் மட்டும் கூளம் பரப்புங்கள். அதுவும் நனைந்து, கோழிகளை இரண்டொரு நாள் ஒடுக்கி அடைக்க நேர்ந்தால் கோசு அப்போது உதவும். காலையில் தீவனம் தின்ற பிறகு இரண்டு மூலைகளில் கட்டுங்கள், அந்திக்குள் மிச்சத்தைக் கழற்றி எடுத்துவிடுங்கள்.