லண்டனிலிருந்து யாழ்ப்பாணம்: கடைசி 370 கிலோமீற்றர்

லண்டனுக்கும் கொழும்புக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறக்குறைய 8,700 கிலோமீற்றர். நேரடி விமானத்தில் பத்தரை, பதினொரு மணித்தியாலத்தில் கட்டுநாயக்கவில் இறக்கிவிடுகிறார்கள். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு வீதிவழியே மிஞ்சுவது சுமார் 370 கிலோமீற்றர்தான். இந்த மிச்சத் தூரம்தான் ஆளை உலுக்கிவிடுகிறது.

முன்கூட்டியே பேசிவைத்திருந்த வான்காரர், "ஐந்து மணித்தியாலத்தில் வீட்டு வாசலில் விடுவேன், அண்ணா" என்றார். நம்புவதற்கு இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் ஊர்மனைகளுக்கு வெளியே கார்களுக்கே வேக எல்லை மணிக்கு 70 கிலோமீற்றர். ஓரிடத்திலும் நிற்காமல் அதே வேகத்தில் ஓடினாலும் ஐந்து மணித்தியாலம் தாண்டிவிடும். நீர்கொழும்பு, சிலாபம் நெரிசல், புத்தளத்தில் தேநீர், அநுராதபுரத்தில் சாப்பாடு, பிள்ளைகளுக்காக இடையிடையே நிறுத்தம் எல்லாம் சேர்ந்து எட்டு மணித்தியாலத்துக்கு மேல் சென்றது. ஏ9 வீதியில் வவுனியாவைத் தாண்டியபோது இருட்டிவிட்டது. பிள்ளைகளுக்குக் காட்ட நினைத்திருந்த, யாழ் குடாநாட்டின் வாசலான ஆனையிறவு இருளோடு போய்விட்டது.

இணையத்தில் கொழும்பு – யாழ்ப்பாணம் தூரத்தைத் தேடினால் சில தளங்கள் 300 என்றும் சில 400 என்றும் சொல்லும். முதலாவது வரைபடத்தில் கோடு கிழித்து அளந்தது, இரண்டாவது வீதி. பயணத்துக்கு இரண்டுமே உதவாது. எத்தனை மணிக்குப் புறப்பட்டால் எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம் என்று அண்மையில் போய்வந்த ஒருவரிடம் கேளுங்கள்.

திரும்பும்போது ரயிலில் வந்தோம். 1990இல் அறுந்துபோன யாழ்ப்பாணப் பாதை 2014 அக்டோபரில் மீண்டும் திறக்கப்பட்டது. ஆசனம் முற்பதிவு செய்திருந்தால், கால் நீட்டி எழுந்து நடக்கக்கூடிய ரயில்தான் குடும்பத்துக்குச் சுகம். லண்டனிலிருந்து வந்து இறங்கும்போது மட்டும் அது தோதுப்படாது: கோட்டை நிலையத்தில் ஏறுவதற்கு, போகவேண்டிய திசைக்கு எதிராக முதலில் கொழும்புக்குள் போகவேண்டும். தனி ஆளாக வருபவர்களுக்கு கொழும்பு வெள்ளவத்தையில் மாலையில் புறப்படும் சொகுசு பஸ்கள் போதும், விடியமுன் யாழ்ப்பாணம்.

சென்னை வழியாக யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலிக்குப் பறக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். சென்னையிலிருந்து பலாலி சுமார் 350 கிலோமீற்றர்தான். ஆனால் இரண்டு பயணச்சீட்டுகளைத் தனித்தனியாக வாங்கினால், சென்னையில் பொதிகளை எடுத்து மீண்டும் கொடுக்கவேண்டும். பிரித்தானியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு அதற்கு இந்திய விசாவும் வேண்டும். ஓடுவது சிறிய விமானம் என்பதால், ஊருக்கென்று கட்டிய பெட்டிகளின் எடையையும் முன்பே பாருங்கள்.

அடுத்த முறை முதல் இரவை நீர்கொழும்பில் கழித்துவிட்டு விடியப் புறப்படுவதாக முடிவு. மாமிக்கு மட்டும் இதில் சம்மதமில்லை: சொந்த வீடு இருக்க விடுதிக்கு ஏன் காசு கொடுக்கவேண்டும் என்கிறார்.