தரமணியில் உட்கார்ந்து இமயமலைப் பனியை உருக்குவது: எஸ்.ஆர்.எம்.முடன் ஆறு வருடம்

இமாச்சலப் பிரதேசத்தின் பியாஸ் ஆற்றில் பனி உருகி எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணக்குப் போடுவது என் வேலை. உட்கார்ந்திருப்பதோ சென்னைத் தரமணியில். வெளியே மே மாத வெயில் மண்டையைப் பிளக்கும். திரையில் ரோத்தாங் கணவாய் வெள்ளை வெளேரென்று கிடக்கும்.

அந்தக் கணக்கைப் போடும் கணினி மாதிரிதான் எஸ்.ஆர்.எம். (Snowmelt Runoff Model). பழைய சரக்கு. நீரியலாளர் மார்ட்டினெக் 1975-இல் ஐரோப்பாவின் சின்ன மலை வடிநிலங்களுக்காக உருவாக்கிய மாதிரி. அன்றாடம் அது கேட்பது வெப்பநிலை, மழை, பனி மூடிய பரப்பு, இந்த மூன்றுதான். பூஜ்யத்துக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் இத்தனை மில்லிமீட்டர் உருகும் என்று ஒரு காரணி. காரணி 5 என்றால், சராசரி 33 டிகிரி உள்ள சென்னை நாளில் 165 மி.மீ. தண்ணீர் பனியிலிருந்து இறங்கிவிடும். புதிதாக வருபவர்களுக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுப்பேன், மறக்கவே மாட்டார்கள்.

மாதிரி சொல்லும் ஓட்டம் ஆற்றின் நிஜ ஓட்டத்தோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டுவது நாஷ்–சட்கிளிஃப் எண்; ஒன்று என்றால் முழுப் பொருத்தம். முதல் வருடம் அது ஒன்றை ஒட்டி வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, தப்பும் தப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போயிருந்தன.

முக்கியமான தப்பு, மேலே போகப் போக வெப்பம் குறையும் வீதம். 100 மீட்டருக்கு 0.65 டிகிரி என்ற வழக்கமான எண்ணை அப்படியே போட்டிருந்தேன். வானிலை நிலையம் மணாலி உயரத்தில், அதாவது 2000 மீட்டரில் இருக்கிறது, அங்கே 18 டிகிரி என்று வையுங்கள். 4500 மீட்டர் மண்டலத்தில் 1.75 டிகிரி வரும். வீதத்தை 0.55 ஆக்கினால் அதே இடத்தில் 4.25. காரணி அதே 5 என்றால், உருகுவது நாளுக்கு 9 மி.மீ.யிலிருந்து 21 மி.மீ.க்கு எகிறும். முழுக்கப் பனி மூடிய ஆயிரம் சதுர கிலோமீட்டரில் அந்த வித்தியாசம் விநாடிக்கு சுமார் 145 கன மீட்டர். ஒரு தசமம் செய்கிற வேலை! இப்போது மாதத்துக்கு ஒரு வீதம் வைத்துக்கொள்கிறேன்.

பனிப்பரப்புக்கு மோடிஸ், நாசா செயற்கைக்கோள்களில் இருக்கும் படக்கருவி. டெர்ரா செயற்கைக்கோளில் இருந்து 2000 பிப்ரவரி முதல் தரவு கிடைக்கிறது, 500 மீட்டர் துல்லியம், காசு கிடையாது. ஆரம்பத்தில் சோம்பேறித்தனமாக எட்டு நாள் தொகுப்பையே எடுத்தேன். அதில் எட்டில் ஒரு நாள் பனி தெரிந்தாலும் பனி என்றே பதிவாகும். ஜூனில் ஒரு நாள் தூவி மறுநாளே கரைந்த பனியும் குளிர்காலப் பனிபோலக் கணக்கில் ஏறியது. மாதிரியைப் பொறுத்தவரை அது மழையோடு சேர வேண்டிய வரவு. இப்போது தினசரிப் படம்தான்: காலையில் டெர்ரா, பிற்பகலில் அதன் ஜோடிச் செயற்கைக்கோள் அக்வா, இரண்டையும் சேர்த்தால் கொஞ்சம் மேகம் விலகும். ஜூலை, ஆகஸ்டில் அதுவும் பலிக்காது. பருவமழை மேகம் பியாஸின் மேல் போர்வை போர்த்திவிடும்.

இன்னொன்றைக் கையேட்டைப் பார்த்து நான் கற்கவில்லை, அடிபட்டுத்தான் கற்றேன். பனிப்படத்தில் வெள்ளையான பனியாறும் (மலையில் மெல்ல நகரும் பனிக்கட்டி) பனியாகவே எண்ணப்படும். கல்லும் மண்ணும் மூடிய பனியாறு வெறும் தரையாகத் தெரியும், ஆனால் அடியில் உருகிக்கொண்டே இருக்கும். ஆகஸ்ட் கடைசியில் மாதிரி காட்டும் தண்ணீர் குறைவதற்கு இது ஒரு காரணம்.

ஆற்று ஓட்டத் தரவு தனிக்கதை. பியாஸ் சிந்து வடிநிலத்தைச் சேர்ந்தது; எல்லை தாண்டும் ஆறுகள் என்பதால் அந்த வடிநில அளவீடுகள் சுலபத்தில் வராது. ஒரு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி பதினான்கு மாதம் காத்திருந்தேன். வந்தது இரண்டு வருடத் தரவு, அதிலும் ஒரு மே மாதத்தைக் காணோம். இவ்வளவு குறைந்த தரவில் ஓடுகிறது என்பதால்தான் எஸ்.ஆர்.எம்.மை விட மனம் வரவில்லை.

வாங்கலாமா என்றால், இலவசம். ஏப்ரல் முதல் ஜூன் வரை தாராளமாக நம்பலாம். ஐம்பது வருடம் கழித்து என்ன ஆகும் என்று இதனிடம் கேட்காதீர்கள். இன்றைய பனிக்குச் சரிசெய்த காரணி அன்றைய பனிக்குப் பொருந்தும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நானே ஒரு கட்டுரையில் கேட்டுவிட்டேன். அதைத் திருத்தும் வேலைதான் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது.