ஒரே ஸ்விஃப்ட், மூன்று செட் டயர்: 1,18,000 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு

2014 நவம்பரில் எடுத்த ஸ்விஃப்ட் பெட்ரோல், வி.எக்ஸ்.ஐ. டயர் அளவு 165/80 ஆர்14. மதுரையில்தான் ஓட்டம். வாரநாட்களில் அலுவலகம், மாதம் ஒருமுறை வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல், வருடத்துக்கு நாலைந்து தடவை சென்னை. இன்று ஓடோமீட்டர் 1,18,000 காட்டுகிறது. இதுவரை மூன்று செட் டயர் பார்த்தாயிற்று, நாலாவதுக்குப் பணம் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். டயர் மாற்றப் போகிற யாருக்காவது பயன்படட்டும் என்றுதான் கணக்கோடு எழுதுகிறேன்.

வண்டியோடு வந்த செட் 41,000 கிலோமீட்டர் ஓடியது. அதைப் பற்றிச் சொல்ல பெரிதாக ஒன்றுமில்லை.

இரண்டாவது செட்டில்தான் பாடம் படித்தேன். 2019 ஜனவரி. நாலு கடையில் விலை கேட்டு, எங்கே குறைவோ அங்கே வாங்கினேன். டயர் ஒன்று 3,300 ரூபாய், பாலன்சிங், அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது), வால்வு எல்லாம் சேர்த்து 1,200, மொத்தம் 14,400. அளவு சரியா என்று மட்டும் பார்த்தேன், வேறு எதையும் பார்க்கவில்லை. மூன்று மாதம் கழித்து பஞ்சர் போட வந்த பையன்தான் டயர் பக்கவாட்டில் டி.ஓ.டி. (DOT) எழுத்துகளுக்குக் கடைசியில் இருந்த நாலு இலக்கத்தைக் காட்டினான். 1217. அதாவது 2017-ஆம் வருடத்தின் 12-ஆவது வாரத்தில் தயாரானது. ஏறக்குறைய இருபத்திரண்டு மாதம் எங்கேயோ கிடந்த டயரைப் புது டயர் என்று மாட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். விலை ஏன் குறைந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. ரப்பர் ஓடினால்தான் பழசாகும் என்றில்லை, சும்மா கிடந்தாலும் வெயிலிலும் சூட்டிலும் இறுகிக்கொண்டே போகும். குடோன் தகரக் கூரைக்குக் கீழே என்றால் கேட்கவே வேண்டாம்.

அந்தச் செட் மூன்று வருடத்துக்குள் 31,000 கிலோமீட்டரில் முடிந்தது. நியாயமாகச் சொல்ல வேண்டும், அதில் என் தவறும் உண்டு. கொரோனா காலத்தில் ஒன்றரை வருடம் அலைன்மென்ட் பார்க்கவே இல்லை. பிறகு கொண்டுபோனபோது அலைன்மென்ட் கடைக்காரர் முன்பக்க வீலை முழுக்கத் திருப்பிக் காட்டி, "அண்ணே, வெளிய பட்டன் நல்லாத்தான் இருக்கு, உள்பக்கம் பாருங்க, மொட்டையாகப் போகுது" என்றார். பட்டன் என்றால் டயர் மேல் ரோட்டைப் பிடிக்கும் மேடுகள். நின்ற இடத்தில் இருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தால்தான் தெரியும், இப்போது மாதம் ஒருமுறை அதைச் செய்கிறேன்.

மாற்றியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தது 2021 நவம்பரில் ஒரு மழை நாளில். கொடைக்கானலில் இருந்து இறங்கிக்கொண்டிருந்தோம், வெள்ளி நீர்வீழ்ச்சி தாண்டி ஒரு வளைவில் எதிரே பஸ் வந்தது, பிரேக்கை மிதித்தேன். வேகம் முப்பதுகூட இருக்காது. வண்டி நிற்காமல் ஒரு வண்டி நீளத்துக்கு வழுக்கிக்கொண்டு போய் ஓரத்து மண்ணில் நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பின் சீட்டில் அம்மாவும் குழந்தைகளும் இருந்தார்கள். வீடு வந்து சேரும்வரை என் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அன்று டயர்களில் பட்டன் சட்டப்படிப் போதுமான அளவு இருந்தது, தேய்மானக் குறியான 1.6 மில்லிமீட்டரை அவை எட்டவில்லை. ஆனால் நனைந்த ரோட்டில் 1.6 என்பது பாதுகாப்பு எல்லை இல்லை, அதற்கு முன்பே பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும், அதிலும் ரப்பர் இறுகியிருந்தால் இன்னும் மோசம். அன்றிலிருந்து 2.5 மில்லிமீட்டரில் மாற்றிவிடுவது என்று வைத்திருக்கிறேன்.

மூன்றாவது செட் 2021 டிசம்பரில். இந்தத் தடவை விலைக்கு முன்னால் தயாரிப்பு வாரத்தைக் கேட்டேன். முதல் கடையில், "அதெல்லாம் பார்த்தா டயர் வாங்க முடியாது சார்" என்றார்கள், சரி என்று வந்துவிட்டேன். அடுத்த கடையில் டயரை வெளியே எடுத்து வைத்து நாலிலும் எண்ணைப் பார்க்க விட்டார்கள். நாலுமே 3921, மூன்று மாதம்கூட ஆகாதவை. அப்போலோ அமேசர் 4ஜி லைஃப், ஒன்று 4,600, மற்ற செலவு 1,400, மொத்தம் 19,800. பெரம்பலூரிலும் ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் டயர் ஆலைகள் ஓடுகிற மாநிலத்தில் இருந்துகொண்டு இரண்டு வருடப் பழைய சரக்கை நாம் ஏன் வாங்க வேண்டும்? ஆறு மாதத்துக்குள் தயாரானது வேண்டும் என்று சொல்லுங்கள், இல்லை என்றால் இரண்டு நாளில் வரவழைத்துத் தருவார்கள்.

கடையில் இதைவிட அகலமான 185/70 போடச் சொன்னார்கள், ஸ்விஃப்டில் நிறையப் பேர் போடுவதுதான், மொத்த விட்டத்தில் ஒரு சதவீதம்கூட வித்தியாசம் வராது, ரிம்மும் மாற்ற வேண்டாம். வளைவில் நன்றாக உட்காரும் என்பது உண்மை. ஆனால் டயர் விலை ஏறும், ஸ்டீயரிங் கொஞ்சம் கனக்கும், மைலேஜ் கொஞ்சம் இறங்கும். என் ஓட்டத்துக்கு அவசியம் இல்லை என்று கம்பெனி அளவிலேயே நின்றுவிட்டேன். அளவைக் குறைத்தாலோ பக்கவாட்டில் இருக்கும் 85டி (85T) என்பதற்குக் கீழே போனாலோதான் தப்பு. 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும், டி என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர் வரை.

இப்போது கணக்கு. இரண்டாவது செட் 14,400 ரூபாய்க்கு 31,000 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 46 பைசா. மூன்றாவது செட் இதுவரை 46,000 ஓடிவிட்டது, 43 பைசா. ஆழம் பார்க்கும் கருவி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், புதிதில் 8 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருந்தது இன்று 3.6. இதே வேகத்தில் தேய்ந்தால் 2.5 வருவதற்குள் 57,000 ஓடியிருக்கும், அப்போது 35 பைசா. அலைன்மென்ட் பார்க்காமல் நான் தின்ற 5,000 கிலோமீட்டரை அந்தப் பழைய செட்டுக்குத் திருப்பிக் கொடுத்தால்கூட அது 40 பைசாதான். ஆக இரண்டுக்கும் நடுவே ஐந்து பைசா. என் ஓட்டத்துக்கு வருடம் அறுநூறு ரூபாய்கூட வராது, அதுவும் அன்று விலை கூடிய டயர் பக்கம்தான் லாபம். கடையில் நிற்கும்போது டயருக்கு 1,300 ரூபாய் வித்தியாசம் மலையாகத் தெரிகிறது, நாலு வருடத்தில் பிரித்தால் ஒன்றுமே இல்லை. அதனால்தான் இப்போது விலையைக் கடைசியில் கேட்கிறேன், தயாரிப்பு வாரம் முதலில், மழையில் பிடிப்பு எப்படி என்பது அடுத்து.

இந்தச் செட்டை நாலு மழைக்காலம் ஓட்டியிருக்கிறேன். அதே கொடைக்கானல் ரோட்டில் இரண்டு முறை அவசரமாக மிதிக்க வேண்டி வந்தது, இரண்டு முறையும் நேராக நின்றது. பக்கவாட்டில் வெடிப்பு இல்லை. இரண்டு பஞ்சர், இரண்டும் ஆணி. அலைன்மென்ட் 5,000-க்கு ஒருமுறை, முன்பின் மாற்றுவது 10,000-க்கு ஒருமுறை. காற்றை வாரம் ஒருமுறை காலையில் வண்டி எடுப்பதற்கு முன்பே வீட்டில் சின்ன பம்ப்பால் பார்த்துவிடுகிறேன், பங்க் வரை ஓட்டிப்போனால் டயர் சூடேறி அளவு கூடுதலாகக் காட்டும். நைட்ரஜனுக்குக் காசு கொடுப்பதில்லை, சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

இரண்டு டயர் மட்டும் மாற்றுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். புது டயர் இரண்டையும் முன்னால்தான் போடுவோம் என்பார்கள், விடாதீர்கள், பின்னால் போடச் சொல்லுங்கள். மழையில் முன்பக்கம் வழுக்கினால் காலை எடுத்தால் பெரும்பாலும் வண்டி கைக்கு வந்துவிடும், பின்பக்கம் வழுக்கினால் வண்டியே சுற்றிவிடும்.

அப்புறம் பழைய டயருக்குக் கொடுக்கும் தொகையைப் புது டயர் விலையில் கழித்துச் சொல்ல விடாமல் தனியாகக் கேளுங்கள், அப்போதுதான் இரண்டு கடை விலையை ஒப்பிட முடியும். ஜி.எஸ்.டி. பில் கண்டிப்பாக வாங்குங்கள், டயர் பிறகு வீங்கினால் அது இல்லாமல் வாரண்டி கேட்க முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு வரி 28-இல் இருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. நான் 4,600-க்கு வாங்கியது அதே அடிப்படை விலை என்றால் இன்று 4,240-க்கு வர வேண்டும், பில்லில் அதையும் பாருங்கள்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன் மாற்றிவிடுவேன், இதே அளவில், இந்தத் தடவை நாலு இல்லை, ஐந்து. ஸ்டெப்னியில் இருப்பது இன்னும் 2014-இல் வண்டியோடு வந்த டயர். பட்டன் முழுசாக இருக்கிறது, ஆனால் பதினோரு வருட ரப்பர். அதை நம்பி மலை ஏறுவதற்கு எனக்கு இப்போது மனசு வரவில்லை.