படுக்கையில் கிடக்கும் நாட்களுக்கு எது துணை? காசில்லாத பொழுதுபோக்குகள், ஓர் ஒப்பீடு

இடுப்பெலும்பு முறிந்து ஏழு வாரம் படுக்கையில் கிடந்தேன். எழுந்து உட்காரவே மூன்றாம் வாரம் ஆயிற்று. "நல்ல ஓய்வு கிடைச்சிருக்கு, நிறைய படம் பாரு, நிறைய படி" என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அன்போடு சொன்னார்கள். ஆனால் அந்த நேரம் விடுமுறை நேரம் மாதிரி இருக்காது. வலி ஒரு பக்கம், மாத்திரை மயக்கம் ஒரு பக்கம், நடுவில் பத்துப் பதினைந்து நிமிடம் தெளிவான மனசு. அந்தப் பத்து நிமிடத்துக்கு எது பொருந்தும் என்பதுதான் கேள்வி.

சிகிச்சைச் செலவிலேயே கைக்காசு கரைந்திருந்ததால், பணம் கட்டிப் பார்க்கும் எதையும் தொடவில்லை. இலவசமாகக் கிடைப்பவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தேன். மூன்று விஷயங்களைக் கவனித்தேன். கை எவ்வளவு நேரம் தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது? பாதியில் தூங்கிப்போனால் என்ன நஷ்டம்? நிறுத்திய பிறகு மனசு எப்படி இருக்கிறது? இதில் மூன்றாவதுதான் முக்கியம். பார்க்கும்போது சுவாரசியமாக இருந்து, அணைத்த நிமிடமே அறை இன்னும் வெறுமையாகத் தோன்றினால் அது அன்றைக்கு உதவவில்லை என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

கண்ணா, காதா?

மல்லாந்து படுத்து, போனை முகத்துக்கு மேலே பிடித்துப் படிப்பது ஐந்து நிமிடம் சுகம். அப்புறம் தோள் கடுக்கும், விரல் மரத்துப்போகும். பக்கவாட்டில் திரும்ப முடிந்தவர்கள் தலையணையில் சாய்த்து வைத்துப் படிக்கலாம். திரும்பவே கூடாதவர்களுக்கு வாசிப்பு உண்மையில் உடல் உழைப்பு.

புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. குட்டன்பர்க் திட்டம் என்ற இலவச மின்னூல் தளம் 1971-இல் மைக்கேல் ஹார்ட் என்பவர் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தைத் தட்டச்சு செய்து எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி வைத்ததில் தொடங்கியது. இன்று அங்கே 70,000-க்கும் மேற்பட்ட நூல்கள் இருக்கின்றன. தமிழுக்கு மதுரைத் திட்டம், 1998-இலிருந்து தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து ஏற்றிக்கொண்டே வருகிறார்கள். இரண்டிலும் பதிவு, கட்டணம், விளம்பரத் தொல்லை எதுவும் இல்லை.

கேட்பதற்கு லிப்ரிவாக்ஸ் இருக்கிறது. 2005-இல் தொடங்கியது. காப்புரிமை முடிந்த நூல்களைத் தன்னார்வலர்கள் தங்கள் குரலில் வாசித்துப் பதிவு செய்கிறார்கள். பெரும்பாலும் ஆங்கிலம்தான். குரல்களின் தரம் ஒரே மாதிரி இருக்காது; ஒரே நாவலில் அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஆள் மாறுவதும் உண்டு. எனக்கு அது குறையாகப் படவில்லை. யாரோ ஒருவர் ஏதோ ஒரு ஊரில், தன் வீட்டு அறையில் உட்கார்ந்து, முகம் தெரியாத எனக்காக வாசித்திருக்கிறார் என்ற நினைப்பே இதமாக இருந்தது. டேட்டாவும் அதிகம் போகாது. சிறிய அளவுக் கோப்பாக இறக்கிக்கொண்டால் ஒரு மணி நேரத்துக்கு 30 எம்பிகூட ஆகாது. அதே ஒரு மணி நேர வீடியோ இதைப்போலப் பல மடங்கு தின்றுவிடும். இலவசம் என்று கணக்குப் போடும்போது இதையும் சேர்க்க வேண்டும்.

தமிழ் நூலைக் காதால் கேட்க இன்னொரு வழி, போனையே வாசிக்க வைப்பது. இன்றைய போன்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகள் இருக்கும் பகுதிக்குப் போனால், திரையில் உள்ளதைச் சத்தமாக வாசிக்கும் வசதி இருக்கும். தமிழ்க் குரலும் கிடைக்கிறது. உரைநடையை ஓரளவு நன்றாகவே வாசிக்கிறது. செய்யுளைக் கொடுத்தால் சொல் பிரியும் இடமெல்லாம் தப்பாகி, கேட்கவே கஷ்டமாகிவிடும்.

முதல் மூன்று வாரத்துக்கு யோசிக்காமல் காதைத்தான் சொல்வேன். கை சும்மா இருக்கும், கண்ணை மூடிக்கொள்ளலாம், தூங்கிப்போனால் மறுபடி பின்னால் போய்க் கேட்கலாம். தூங்கும் நேரத்தை முன்பே குறித்துவைத்து, தானாக நிற்கும்படி செய்துவிட்டால் விழித்ததும் எங்கே விட்டோம் என்று தேட வேண்டியதில்லை.

வாசிப்பு ஜெயிக்கிற இடம் ஒன்று உண்டு. பழைய அகப்பாடல்களில் நாலு முதல் எட்டு அடிக்குள் முடிந்துவிடும் சின்னப் பாடல்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒரு நாளைக்கு ஒன்று. உரையோடு சேர்த்துப் பத்து நிமிடம் படித்துவிட்டுப் போனைக் கீழே வைத்துவிடலாம். அதற்கப்புறம்தான் அது வேலை செய்யத் தொடங்கும். கூரையைப் பார்த்துக் கிடக்கும்போது ஒரு சொல் திரும்ப வரும், "ஓ, இதனாலா அந்தப் பூவைச் சொன்னார்" என்று ஏதோ திறக்கும். கையில் போன் இல்லாத நேரத்திலும் ஓடுகிற பொழுதுபோக்கு எனக்கு இது ஒன்றுதான் கிடைத்தது. நாவல் படிக்கும் தெம்பு வரும்வரை இது போதும்.

ஓடும் படமா, நடக்கும் காட்சியா?

முதல் வாரம் நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். யூடியூபில் ஒன்று முடிந்தால் அடுத்தது, அது முடிந்தால் அடுத்தது. நகைச்சுவைக் காட்சிகள் நிஜமாகவே வலியை மறக்கடித்தன. அதை மறுக்க மாட்டேன். ஆனால் சாயங்காலம் ஆனால் என்ன பார்த்தேன் என்று ஒன்றும் நினைவிருக்காது, தலை கனக்கும். யூடியூபைத்தான் பார்ப்பீர்கள் என்றால் தானாக அடுத்தது ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். ஒன்று முடிந்ததும் திரை நின்றால், தொடரலாமா வேண்டாமா என்பது நம் முடிவாகிறது. நகர முடியாமல் கிடக்கிறவருக்கு முடிவெடுக்க மிஞ்சியிருப்பவை கொஞ்சம்தான். அதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

இதற்கு எதிர்ப்பக்கம் நேரலைக் கேமராக்கள். யாரும் நடிப்பதில்லை, கதை இல்லை, பாதி நேரம் ஒன்றுமே நடக்காது. அதனால்தான் படுக்கைக்கு அவ்வளவு பொருத்தம்! அலாஸ்காவின் கட்மை தேசியப் பூங்காவில் புரூக்ஸ் அருவி என்று ஓர் இடம். ஜூலை மாதம் சால்மன் மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து அருவியைத் தாண்டிக் குதிக்கும். பழுப்புக் கரடிகள் அருவியின் விளிம்பில் வாயைத் திறந்தபடி காத்து நிற்கும். எக்ஸ்ப்ளோர் (explore.org) தளத்தில் கோடைக் காலம் முழுக்க இதை இலவசமாகப் பார்க்கலாம். குளிர்காலத் தூக்கத்துக்கு முன் எந்தக் கரடி நன்றாகக் கொழுத்திருக்கிறது என்று இணையத்தில் வாக்கெடுப்பே நடத்துகிறார்கள். 2014-இல் தொடங்கிய வழக்கம் இது. சில நாள் பார்த்தாலே கரடிகளை அடையாளம் தெரிய ஆரம்பித்துவிடும். காலையில் கண் விழித்ததும் "அது வந்திருக்குமா?" என்று தோன்றும். ஒரு நாளைக்கும் அடுத்த நாளைக்கும் வித்தியாசம் தெரியாமல் கிடக்கிறவருக்கு அந்தக் கேள்வி பெரிய விஷயம்.

கார்னெல் பல்கலைக்கழகப் பறவை ஆய்வகம் செவ்வால் பருந்தின் கூட்டை 2012-இலிருந்து காட்டிவருகிறது. மார்ச்சில் முட்டை, ஜூன் வாக்கில் குஞ்சுகள் பறந்துபோவது என்று ஒரு பருவமே கண்முன் நடக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியே ஆக வேண்டும். கூட்டுக் கேமராவில் குஞ்சு இறப்பதும் தெரியும். பெரும்பாலும் யாரும் குறுக்கிட மாட்டார்கள், இயற்கையை அதன் போக்கில் விடுவார்கள். மனசு ஏற்கெனவே தளர்ந்து கிடக்கும் வாரத்தில் கூட்டைப் பார்க்க வேண்டாம். அதே ஆய்வகம் பறவைகளுக்கு இரை வைக்கும் மேடை ஒன்றையும் காட்டுகிறது. அங்கே வந்து கொத்திவிட்டுப் போவதுதான் நிகழ்ச்சி, மனம் கனக்காது.

ராத்திரி தூக்கம் வராதவர்களுக்குச் சர்வதேச விண்வெளி நிலையத்தின் நேரலை. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பூமியைப் பார்க்கிறோம். 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று, ஆகவே ஒரு நாளில் 16 சூரிய உதயம். பூமியின் நிழல் பக்கம் போனால் திரை இருண்டுவிடும், கொஞ்சம் பொறுத்தால் மறுபடி நீலம். சத்தத்தை அணைத்து, வெளிச்சத்தைக் குறைத்து ஓரமாக வைத்துவிட்டுக் கிடப்பேன்.

மூன்று அளவுகோலிலும் நேரலைக்கே என் ஓட்டு. போனைத் தாங்கியில் வைத்துவிட்டால் கைக்கு வேலையில்லை, தூங்கிப்போனால் எதுவும் தவறிப்போகாது, அணைத்தாலும் அது அங்கே நடந்துகொண்டிருக்கும். டேட்டா மட்டும்தான் இடிக்கும். வீட்டில் வைஃபை இல்லாதவர்கள் தரத்தைக் குறைத்து, நேரம் வைத்துப் பார்க்கலாம்.

வானொலியை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். ரேடியோ கார்டன் என்ற தளத்தில் பூமி உருண்டையைச் சுழற்றி எந்த ஊர்ப் புள்ளியில் நிறுத்தினாலும் அந்த ஊர் வானொலி கேட்கும். புரியாத மொழியில் யாரோ காலை வணக்கம் சொல்வதைக் கேட்பதில் ஒரு உற்சாகம் இருக்கிறது. பாட்டுச் செயலிகளின் இலவசப் பதிப்பில் நடுநடுவே திடீரென்று விளம்பரம் அலறும். அப்போதுதான் கண் அசந்தவருக்கு அது கொடுமை.

அருங்காட்சியகங்களையும் இரண்டு வரியில் சொல்லிவிடலாம். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம், ரெம்பிராண்ட் வரைந்த 'இராக்காவல்' ஓவியத்தை 717 ஜிகாபிக்சல் படமாக 2022-இல் வெளியிட்டது. பெரிதாக்கிக்கொண்டே போனால் சாயத்தின் வெடிப்புவரை தெரிகிறது. ஒரு மத்தியானத்துக்கு அற்புதம், தினமும் போக மாட்டோம்.

விளையாட்டா, வேலையா?

மெதுவாக ஆடும் ஆட்டத்தையும், படுத்தபடியே பிறருக்குச் செய்யும் சின்ன வேலையையும் பொழுதுபோக்குப் பட்டியலில் சேர்ப்பார்களா தெரியவில்லை, ஆனால் என்னை அதிகம் தேற்றியவை இவைதான்.

முதலில் சதுரங்கம். லிசெஸ் தளம் 2010-இல் பிரெஞ்சுக்காரர் திபோ டுப்ளெசி தொடங்கியது. முழுக்க இலவசம், விளம்பரமே கிடையாது. கடிகாரம் வைத்து ஆடும் வேக ஆட்டங்களில் முதலில் இறங்கி, மாத்திரை மயக்கத்தில் தொடர்ந்து தோற்று, "மூளையும் போயிடுச்சோ" என்று பயந்துபோனேன். அது தப்பான தேர்வு. அதே தளத்தில் ஒரு நகர்த்தலுக்கு 14 நாள்வரை அவகாசம் வைத்துக்கொள்ளும் ஆட்டம் உண்டு. சித்தப்பாவோடு அப்படி ஆடினேன். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு நகர்த்தல்தான். ராத்திரி போன் செய்து, "என்னப்பா, குதிரையை இன்னும் அங்கேயே வெச்சிருக்கே?" என்பார். உடம்பைப் பற்றி விசாரிக்காமல் வேறு எதையாவது பற்றிப் பேசும் ஒருவர் அந்த நாட்களில் எவ்வளவு தேவை என்று படுத்தவர்களுக்குப் புரியும்.

அடுத்தது ஸூனிவர்ஸ், ஆய்வு வேலைகளில் பொதுமக்கள் கைகொடுக்கும் இணையதளம். 2007-இல் ஒரு வானியல் திட்டம் ஏறத்தாழப் பத்து லட்சம் விண்மீன் மண்டலங்களின் படங்களைப் பொதுமக்களிடம் கொடுத்து வகைப்படுத்தச் சொன்னது. அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஹான்னி வான் ஆர்கெல் என்ற டச்சுப் பள்ளி ஆசிரியை, ஒரு படத்தில் விளங்காத ஓர் ஒளித்திட்டைக் கவனித்து "இது என்ன?" என்று கேட்டார். அதுவரை யாரும் அறியாத வான்பொருள் அது. இன்று அவர் பெயரிலேயே வழங்குகிறது. அந்த முயற்சி வளர்ந்து 2009-இல் ஸூனிவர்ஸ் ஆனது. இப்போது காட்டுக் கேமராவில் பதிவான விலங்குகளை அடையாளம் காண்பது, பழைய கையெழுத்துகளைப் படியெடுப்பது என்று பல திட்டங்கள். செயலியில் சிலவற்றுக்கு வலமோ இடமோ விரலை இழுத்தால் போதும். ஒரு படம் அரை நிமிடம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

மூன்றாவது, தமிழ் விக்கிமூலம். பழைய நூல்களின் பக்கங்களைப் படமெடுத்து ஏற்றியிருக்கிறார்கள்; கணினி அதை எழுத்தாக மாற்றும்போது பிழைகள் விழுகின்றன. பக்கப் படத்தைப் பார்த்து எழுத்தைத் திருத்துவது நம் வேலை. திருத்தாத பக்கம் சிவப்பு, ஒருவர் திருத்தினால் மஞ்சள், இன்னொருவர் சரிபார்த்தால் பச்சை. நான் மஞ்சளாக்கிவிட்டுத் தூங்கிய பக்கத்தை யாரோ பச்சையாக்கியிருப்பதைக் காலையில் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. தண்ணீர் குடிக்கக்கூட இன்னொருவர் கையை எதிர்பார்த்த நாட்கள் அவை. அப்போது நான் செய்த ஒன்று வேறு யாருக்கோ பயன்பட்டது.

ஸூனிவர்ஸையும் விக்கிமூலத்தையும் பக்கத்தில் வைத்தால், உடம்புக்கு எளிது முன்னது. விக்கிமூலத்துக்குக் கொஞ்சமாவது சாய்ந்து உட்கார முடிய வேண்டும், தமிழில் தட்டச்சு வர வேண்டும். போனில் சிரமம், மடிக்கணினி இருந்தால் சுலபம். மனசுக்குத் தருவது விக்கிமூலம்தான் அதிகம். ஆகவே படுத்திருக்கும்வரை ஸூனிவர்ஸ், சாய்ந்து உட்கார்ந்ததும் விக்கிமூலம் என்று பிரித்துக்கொண்டேன்.

திரையா, ஜன்னலா?

1984-இல் ராஜர் உல்ரிக் என்பவர் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். பித்தப்பை அறுவைசிகிச்சை முடிந்தவர்களில் 23 பேருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன, அவர்களுக்கு இணையான 23 பேருக்குச் செங்கல் சுவர் தெரிந்தது. மரம் பார்த்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் குறைவாகத்தான் தேவைப்பட்டது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் படித்த அன்றே என் கட்டிலைப் பற்றி யோசித்தேன். தலைமாட்டுப் பக்கம் ஜன்னல். மூன்று வாரமாக நான் பார்த்தது வெறும் சுவர்.

தம்பியும் சித்தப்பாவும் சேர்ந்து கட்டிலைத் திருப்பிப் போட்டார்கள். பத்து நிமிட வேலை. அன்று சாயங்காலம்தான் ஜன்னலுக்கு வெளியே இருந்த கிளையை முதல் தடவையாகப் பார்த்தேன். உங்கள் வீட்டில் யாராவது படுக்கையில் இருந்தால், போனில் எதையும் ஏற்றித் தருவதற்கு முன்னால் அவர் தலையணை மட்டத்தில் உங்கள் முகத்தை வைத்து, எதிரே என்ன தெரிகிறது என்று பாருங்கள். கட்டிலைத் திருப்ப இடமில்லை என்றால் எதிர்ச் சுவரில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சற்றே சாய்த்து மாட்டலாம், அதில் கொஞ்சம் வானமாவது தெரியும்.