தயிர்ச்சட்டி ஏற்றும் மின்சார ஓட்டோ

மட்டக்களப்பு கல்லடியில் தயிர்க்கடை வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் ஆரையம்பதி, காத்தான்குடி, டவுன் என்று ஒவ்வொரு ஓடருக்கும் தனித்தனியே பெற்றோல் ஓட்டோ பிடிப்பேன். மூன்று மாதமாகப் பக்கத்துத் தெருத் தம்பியின் மின்சார ஓட்டோதான். புகையில்லை, சத்தமும் குறைவு. அதைவிட எனக்குப் பிடித்தது, ஒரே பாதையில் உள்ள வீடுகளைச் சேர்த்துக் காலையில் ஒரு சுற்று, பின்னேரம் ஒரு சுற்று என்று அவர் ஓடுகிற விதம். நடுப்பகலில் கூரையிலுள்ள சோலாரில் சார்ஜ் போடுவார். திரும்பும்போதும் வண்டி சும்மா வராது, காலிப் பெட்டிகள் அதில் வரும். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது பெற்றோல் வரிசையில் நாள்முழுக்க நின்ற எனக்கு இது பெரிய நிம்மதி.

ஒரு குறை: மழைக்குப் பக்கத்திரை ஒழுகுகிறது. தம்பி, மாரி தொடங்கமுன் அதை மாற்றிவிடுங்கள். அவசர ஓடருக்கு இது சரிவராது, முதல்நாளே சொல்லிவைக்க வேண்டும்.