79 டாலருக்கு டிரையர் வென்ட் சுத்தம்: டல்லாஸ் பக்கம் இருப்பவர்கள் கவனம்

டல்லாஸ் சுற்றுவட்டாரத்தில் வீடு வைத்திருக்கும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். ஏரியா ஃபேஸ்புக் குழுக்களில் "ஏசி டக்ட், டிரையர் வென்ட், முழு வீட்டுக்கும் 79 டாலர்" என்று ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. டக்ட் என்பது ஏசி காற்று போகும் குழாய், வென்ட் என்பது துணி காயவைக்கும் டிரையரின் சூடான காற்றை வெளியே விடும் குழாய். போடுபவர் பெயர் மாறிக்கொண்டே இருக்கும், படமும் வாசகமும் அப்படியே இருக்கும். எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் 640 டாலர் வாங்கிக்கொண்டு, ஒழுங்காக ஓடிய டிரையரைத் தீப்பிடிக்கும் நிலையில் விட்டுப் போனார்கள்.

வந்தது இரண்டு பேர். வேனில் எந்தப் பெயரும் இல்லை. ஒருவர் ஏசி கிரில்லைக் கழற்றி, செல்போனை உள்ளே நீட்டிப் படம் எடுத்தார். ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. "பிளாக் மோல்ட்", அதாவது கறுப்புப் பூஞ்சணம் என்றார். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அந்த நேரம் பார்த்து இருமினார். உடனே பேச்சு அம்மா பக்கம் திரும்பிவிட்டது: இந்தக் காற்றைத்தான் இவர் ராத்திரி பகலாகச் சுவாசிக்கிறார், வீசிங் இருப்பவர்களுக்கு இது விஷம் என்று. அம்மாவுக்கு முகமே மாறிவிட்டது. "காசைப் பாக்காதப்பா, செஞ்சிடச் சொல்லு" என்றார். சோதனை எதுவும் செய்யாமல், ஒரு செல்போன் படத்தை வைத்து அது மோல்ட்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. டக்ட் சுத்தம் செய்வதால் உடல்நலப் பிரச்சினைகள் தடுக்கப்படுவதாக நிரூபிக்கப்படவில்லை என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான இபிஏவே சொல்கிறது. வீட்டில் வயதானவரோ கைக்குழந்தையோ இருந்தால் அவர்களைக் காட்டியே பயமுறுத்துவார்கள், தயாராக இருங்கள்.

டிரையருக்கு அவர்கள் செய்த வேலை, வேக்குவம் குழாயைக் கொஞ்ச நேரம் பின்னால் காட்டியது. அப்புறம் பறவை நுழையாமல் இருக்க என்று வெளிச்சுவரில் ஒரு கம்பி வலையை "இலவசமாக" மாட்டினார்கள். பணம் ஸெல் (வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் பணம் அனுப்பும் சேவை) வழியாகத்தான் வேண்டும் என்று நின்றார்கள். கிரெடிட் கார்டு என்றால் வங்கியில் புகார் செய்து பணத்தைத் திரும்பக் கேட்க ஒரு வழி உண்டு. ஸெல்லில் நாமே அனுப்பிய பணம் திரும்பி வருவது அபூர்வம்.

அதன் பிறகு ஜீன்ஸ் ஒரே ஓட்டத்தில் காயவில்லை. லாண்டிரி அறையில் புழுக்கம், டிரையர் மேல்பக்கம் கை வைக்க முடியாத சூடு. எல்லாமே வென்ட் அடைத்திருப்பதற்கான அறிகுறி. டிரையரை இழுத்துப் பார்த்தேன். ஃபாயில் குழாய் சுவரோடு நசுங்கிக் கிடந்தது. கிளாம்பைக் காணோம். அந்த இடத்தில் துணி டேப்பைச் சுற்றியிருந்தார்கள், பசை இளகி அதுவும் கழன்று தொங்கியது. தரையெல்லாம் பஞ்சு. வெளியே போய்ப் பார்த்தால் அந்த இலவச வலையில் லின்ட் (துணியிலிருந்து உதிரும் பஞ்சு) கம்பளி போலப் படிந்து, காற்று வெளியேறும்போது திறக்கும் மூடியான ஃபிளாப் திறக்கவே முடியாமல் இருந்தது. வென்ட் முடிகிற இடத்தில் வலை போடக் கூடாது என்று வீட்டுக் கட்டட விதியான ஐஆர்சியில் தெளிவாகவே இருக்கிறது. இந்த நாட்டில் வீடுகளில் டிரையரால் வருடத்துக்குச் சுமார் 2,900 தீ விபத்துகள் நடப்பதாகத் தீயணைப்பு நிர்வாகம் ஒரு முறை கணக்கிட்டது. முதன்மைக் காரணம், சுத்தம் செய்யாமல் விடுவது. எங்களுடையது மின்சார டிரையர். கேஸ் டிரையராக இருந்து குழாய் இப்படிக் கழன்றிருந்தால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள்ளேயே வந்திருக்கும்.

சரி, இதை நாமே செய்யலாம். நீளமான கம்பிகளை ஒன்றோடொன்று திருகி டிரில்லில் மாட்டும் பிரஷ் ஹோம் டிப்போ, லோஸ் இரண்டிலும் கிடைக்கும். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். கேஸ் என்றால் வால்வையும் மூடுங்கள், கேஸ் குழாய் இழுபடாமல் மெதுவாக நகர்த்துங்கள். அதில் பழக்கமில்லை என்றால் அந்த வேலைக்கு மட்டும் விவரம் தெரிந்த ஆளைக் கூப்பிடுவது நல்லது. குழாயைக் கழற்றி, பிரஷை மெதுவான வேகத்தில் கடிகாரம் சுற்றும் திசையிலேயே சுற்றி உள்ளே விடுங்கள். வெளியே இழுக்கும்போதும் அதே திசைதான். எதிர்த்திசையில் சுற்றினால் கம்பி கழன்று சுவருக்குள் மாட்டிக்கொள்ளும். உதிர்ந்த பஞ்சை வேக்குவத்தில் எடுத்துவிட்டு, வெளி மூடியையும் துடையுங்கள். பிளாஸ்டிக் குழாயோ நசுங்கிய ஃபாயில் குழாயோ இருந்தால் 4 அங்குல உலோகக் குழாய் வாங்கி, கிளாம்ப் போட்டு மாட்டுங்கள். இணைப்புகளுக்கு அலுமினிய ஃபாயில் டேப்தான், திருகு அடிக்க வேண்டாம். உள்ளே நீட்டும் திருகு முனையில் பஞ்சு சிக்கிக்கொள்ளும். கூரை வழியாக வென்ட் போகும் வீடுகளில் மேலே ஏறாதீர்கள். அதற்கு ஆள் வைக்கலாம், ஆனால் எழுத்தில் விலை, கம்பெனி முகவரி, கார்டில் பணம் என்ற மூன்றுக்கும் ஒத்துக்கொள்பவராகப் பாருங்கள்.

முடித்ததும் டிரையரை ஓடவிட்டு வெளியே கை நீட்டிப் பாருங்கள். காற்று பலமாக அடிக்க வேண்டும், ஃபிளாப் நன்றாகத் திறந்திருக்க வேண்டும்.

அவர்கள் கொடுத்த நம்பர் இப்போது வேலை செய்யவில்லை. டெக்சாஸ் அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவில் ஆன்லைனில் புகார் கொடுத்திருக்கிறேன், மத்திய அரசின் வர்த்தக ஆணையமான எஃப்டிசியிலும் பதிவு செய்திருக்கிறேன். உங்களிடமும் இப்படி வாங்கியிருந்தால் ரசீது இல்லை என்று விட்டுவிடாதீர்கள், ஸெல் பதிவும் மெசேஜ் ஸ்கிரீன்ஷாட்டும் இருந்தாலே புகார் செய்யலாம். அதற்கு முன்னால் ஒரு வேலை. இந்த மாதிரி ஆட்கள் உங்கள் வீட்டுக்கு வந்து போயிருந்தால், இன்றைக்கே வெளிச்சுவரைப் போய்ப் பாருங்கள். வலை இருந்தால், அதைக் கழற்றி, வென்ட்டைப் பார்த்த பிறகு டிரையரைப் போடுங்கள்.